உள்பக்கப் பூச்சு

மார்ச் 4
பழைய இரும்புக் கடையிலிருந்து நகை செய்ய ஒரு மூட்டை வந்தது. ஸ்பூன்கள், சாவிகள், ஓடாத கைக்கடிகாரங்கள், ஏதோ தையல் மெஷினின் தகடு. முன்பெல்லாம் மூட்டையைப் பிரிப்பது அவள் வேலை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "இது கம்மல், இது லாக்கெட், இது உன் மூஞ்சி" என்று மூன்று குவியலாகப் போடுவாள். இன்று நானே பிரித்தேன். எல்லாமே பழைய இரும்பாகத்தான் தெரிந்தது.

மார்ச் 6
அம்மா சொல்கிறாள்: "சண்டைன்னு வந்தா சமாதானம்னு ஒண்ணு இருக்கும்லடா." சண்டையே போடலையே அம்மா! போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேனே.

போன மாதம் சந்தையில் கடையைக் கட்டி முடித்ததும், நான் போட்ட மோதிரத்தைக் கழற்றி என் கையில் வைத்தாள். பூ வேலைப்பாடு உள்ள பழைய ஸ்பூனின் காம்பை வளைத்து நான் செய்தது. கல்யாணம் வரைக்கும் இது போதும் என்று அவளேதான் கேட்டு வாங்கினாள். "முடியலடா. நீ நல்லவன்தான். ஆனா முடியல." அவ்வளவுதான். காரணம் கிடையாது.

நான் உலோகவியல் படித்தவன். ஒரு கம்பி முறிந்தால் முறிந்த இடத்தைப் பார்த்தே ஏன் என்று சொல்வேன். இது ஏன் முறிந்தது? யாரிடம் போய்க் கேட்பது?

மார்ச் 7
வேலை ஓடவில்லை.

மார்ச் 11
ஒரு டீச்சர் வந்தார். அவள் விற்ற ஸ்பூன் கம்மலைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தார். காது மடல் சிவந்து, நீர் கோத்திருந்தது.

"வெயில் காலத்துல எல்லாருக்கும் அரிக்கும்ங்க. உங்க தோல் அப்படி" என்றேன்.

"ஏம்ப்பா, நாள் பூரா வாலுப் பசங்க விடற கதையைக் கேக்கறவ நான். எங்கிட்டயே புதுசா ஒண்ணு விடறியா?"

"இது ஜெர்மன் சில்வர் மேடம். துருப்பிடிக்காது."

"துருப்பிடிக்காது சரி. என் காதைப் பிடிச்சிருக்கே!"

பக்கத்துக் கடைக்காரன் சிரித்தான். எனக்குச் சுருக்கென்றது. சோதித்துக் காட்டுகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

மார்ச் 14
கெமிக்கல் கடையில் நிக்கல் சோதனைத் திரவம் வாங்கிவந்தேன். பஞ்சில் ஒரு சொட்டு விட்டு உலோகத்தின் மேல் தேய்க்க வேண்டும். நிக்கல் கசிந்தால் பஞ்சு ரோஸ் நிறமாகும். சிலருக்கு அந்த நிக்கல்தான் ஆகாது. டீச்சர் சொன்னது தப்பு என்று காட்டத்தான் வாங்கினேன்.

கம்மல்: ரோஸ். ஸ்பூன் வளையல்: ரோஸ். கடிகார மூடியில் செய்த லாக்கெட்: அதுவும். ஜெர்மன் சில்வரில் வெள்ளி கிடையாது; செம்பு, துத்தநாகம், நிக்கல். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். அது தோலில் படும் என்று மட்டும் தோன்றவே இல்லை.

கடைசியாக அவள் மோதிரம். வெளிப்பக்கம் ரோஸ். உள்பக்கம் — வெள்ளைப் பஞ்சு, வெள்ளையாகவே. மறுபடி தேய்த்தேன். வெள்ளைதான். ஒரே துண்டு உலோகம். அதெப்படி ஒரு பக்கம் மட்டும் கசியும்?

லென்ஸ் போட்டுப் பார்த்தேன். உள்ளே கண்ணாடி மாதிரி ஒரு படலம். ஊசியால் நெம்பினேன், உரிந்தது. அதற்குக் கீழே இன்னொன்று. அதற்கும் கீழே. நிறமில்லாத நெயில் பாலிஷ். விளிம்பில் தேய்ந்த இடங்களை மட்டும் திரும்பத் திரும்பத் தொட்டுப் பூசியிருக்கிறாள். சுரண்டிவிட்டுத் தேய்த்ததும் பஞ்சு ரோஸ் ஆனது.

நெயில் பாலிஷ் போடவே மாட்டாளே. மோதிர விரலில் அடிக்கடி பிளாஸ்டர் இருக்கும். "வெட்டிக்கிட்டேன்" என்பாள். "கையை ஒழுங்கா வச்சுக்கத் தெரியாதா உனக்கு?" என்று கத்தியிருக்கிறேன்.

ஐயோ. ஏன்டி சொல்லல? ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?

மார்ச் 16
அவள் இப்போது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் போய் நின்றேன். பின்பக்கப் படிக்கட்டில் பேசினோம். விரலைப் பார்த்தேன். மோதிரம் இருந்த இடம் கறுத்து, தோல் தடித்திருந்தது.

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ என்ன சொல்லியிருப்ப?"

யோசித்தேன். பொய் சொல்ல வரவில்லை. "உன் தோல்ல கோளாறுன்னு சொல்லியிருப்பேன்."

சிரித்துவிட்டாள். "பரவாயில்ல, இதையாவது ஒத்துக்கிறியே."

வேறு மோதிரம் செய்கிறேன் என்றேன். டைட்டானியம், நிக்கல் துளியும் இருக்காது, சோதித்தே தருகிறேன் என்றேன். இன்னும் என்னவோ விளக்கிக்கொண்டே போனேன். என் சட்டைப் பொத்தானைப் பிடித்து நிறுத்தினாள்.

"மோதிரம் மட்டும்னா பரவாயில்லடா. உங்கிட்ட எதைச் சொல்றதுன்னாலும், நானே ஒரு பூச்சுப் பூசிட்டுதான் சொல்ல வேண்டியிருந்துச்சு. ரெண்டு வாரம் தாங்கும். உரியும். திரும்பப் பூசுவேன். ஒருநாள் பாட்டிலைத் திறந்தேன், பூசத் தோணல. அவ்வளவுதான்."

முதலாளி உள்ளிருந்து கூப்பிட்டார். போய்விட்டாள்.

காரணம் கிடைத்துவிட்டது. வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறேன்?

மார்ச் 17
அம்மா தோசைக்கரண்டியோடு வாசலில் நின்று, "சாப்பிட்டியா?" என்றாள். "ம்" என்றேன். சாப்பிடவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

ஏப்ரல் 2
டைட்டானியம் மூக்குக்கண்ணாடிச் சட்டம் ஒன்று கிடைத்தது. அறுத்தேன். அவள் விரல் அளவு கைக்குத் தெரியும். பாதியில் நிறுத்திவிட்டேன்.

ஏப்ரல் 20
டீச்சருக்குப் பித்தளைச் சாவியில் கம்மல், கொக்கி மட்டும் சுத்த வெள்ளி. சோதித்த பஞ்சையும் பொட்டலத்தில் வைத்துக் கொடுத்தேன். "இது என்ன, பிரசாதமா?" என்று கேட்டுவிட்டு வாங்கிக்கொண்டார். அதை அவளிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. போனை எடுத்து, வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 8
சந்தையில் கூட்டம். அவளுடைய அக்கா கடைக்கு வந்தார். ஒவ்வொரு கம்மலாக எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக நின்றார்.

"அவ விரல் எப்படிக்கா இருக்கு?"

"ஆறிடுச்சுப்பா. தழும்புகூட இல்ல." கம்மலைக் கீழே வைத்தார். "நீ வேற யார் மூலமாவோ தெரிஞ்சுக்க வேணாம்னுதான் வந்தேன். போன மாசம் அவளுக்கு மோதிரம் போட்டாச்சு."

"என்ன மெட்டல்?"

"என்னது?"

"வெள்ளைத் தங்கமாக்கா? அதுல சிலதுல நிக்கல் கலப்பாங்க."

"இல்லப்பா. சாதாரண மஞ்சத் தங்கம்தான்."

"அப்ப சரிக்கா. அரிக்காது."

யார் போட்டது என்று கேட்கவில்லை.