இருபத்து மூன்று புள்ளி எட்டு

மார்ச் 4, செவ்வாய்

இன்று மூன்று ஓட்டம். மூன்றிலும் திரைக்கோட்டிலிருந்து ஒரு நூல் கூட விலகவில்லை. "உன் காலுக்குத் தனியா இன்சூரன்ஸ் எடுக்கணும்பா" என்றார் மேலாளர்.

பதினோரு வருடமாக ஓர் அடி கூட நகராத கார்களை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். சக்கரங்கள் உருளைகளின் மேல் சுழலும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். எதிரே திரையில் ஒரு கோடு போகும், அதன் மேலேயே வேகத்தைக் கொண்டுபோக வேண்டும். இருபது நிமிடம். அறை எப்போதும் இருபத்தைந்து டிகிரி. வண்டியில் ஏசி போடக் கூடாது. மேடு இல்லை, பள்ளம் இல்லை, குறுக்கே ஓடிவர நாய் இல்லை. முடிவில், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கணினி ஓர் எண்ணைத் துப்பும். அதுதான் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும்.

அக்கா போன வருடம் வாங்கிய வண்டிக்கும் நான்தான் ஓட்டினேன். லிட்டருக்கு 23.8. அந்த எண்ணைப் பார்த்துத்தான் வாங்கினார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா வீட்டில் சாப்பாடு. அத்தான் கணக்கு வாத்தியார், சாப்பிடும்போதும் வகுத்துக்கொண்டுதான் இருப்பார். ஞாயிறன்று அவர் நெடுஞ்சாலையில் ஓட்டினால் பத்தொன்பது வருகிறதாம். வாரம் முழுக்க அக்கா ஊருக்குள் ஓட்டினால் பதினாலு.

"கம்பெனிக்காரன் இருபத்து மூணு புள்ளி எட்டுன்னு போட்டிருக்கான். அதை எடுத்துக் காட்டினதே உன் தம்பி கால்தான். ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தவங்கதானே, உனக்கு மட்டும் ஏன் பதினாலு?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மார்ச் 10, திங்கள்

வாயைத் திறந்திருக்கலாம். ஏன் திறக்கவில்லை?

மார்ச் 11, செவ்வாய்

ஏன் என்று தெரியும். எழுதிவிடுகிறேன்.

இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அத்தான் என்னை "நகராத டிரைவர்" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த விளம்பரம் வந்த பிறகு அதைப் பள்ளிக்கு எடுத்துப் போய், "என் மச்சினன் போட்ட நம்பர்" என்று எல்லோரிடமும் காட்டியிருக்கிறார். இப்போது மாப்ளே என்கிறார். நாற்பது வயதில் கிடைத்த மரியாதை. அதை விட மனம் வரவில்லை. அவ்வளவு அற்பன் நான்.

மார்ச் 16, ஞாயிறு

அக்கா கேட்டாள்: "எனக்கும் அந்தக் காலைக் கத்துக் குடுடா."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். "சரி" என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். கட்டைவிரலை ஊன்றாதே, பாதத்தின் எடையை மட்டும் வை, கண்ணாடியை ஏற்றி வை, ஏசி வேண்டாம். சிக்னல் பச்சை ஆனதும் திரைக்கோடு ஏறுகிற மாதிரி மெல்ல எடுக்கச் சொன்னேன். பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரனில் கை வைத்தவன் எடுக்கவே இல்லை. முந்திப் போகும்போது தலையை நீட்டி, "காரை இடுப்புல தூக்கிட்டுப் போறியாம்மா?" என்றான். அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அவன் கெடக்கான், நீ சொல்லு" என்றாள்.

நான் மேலும் சொன்னேன். எந்தக் கால் வைத்தாலும் அந்தத் தெருவில் அந்த எண் வராது என்று தெரிந்தே சொன்னேன்.

மார்ச் 23, ஞாயிறு

இரண்டாம் பாடம்.

மார்ச் 30, ஞாயிறு

மூன்றாம் பாடம். அக்கா கெட்டிக்காரி. ஒரு வாரத்தில் பதினாலிலிருந்து பதினாலரை ஆக்கிவிட்டாள். குழந்தை மாதிரி சந்தோஷம். அத்தான் சொன்னார்: "இன்னும் ஒன்பது பாக்கி."

ஏப்ரல் 8, செவ்வாய்

போனில் அக்கா. அவள் வேலை வீடு வீடாகப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பது. காலை ஆறரைக்குத் தொடங்கினால் பதினோரு வீடு. இரண்டு பஸ் மாறி, ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு அலைந்தவள், நாற்பத்து மூன்று வயதில் கார் ஓட்டக் கற்றாள். முதல் நாள் தனியாக ஓட்டிவிட்டு வந்து என்னைக் கூப்பிட்டு அழுதாள்.

இன்று ஏசி இல்லாமல் ஓட்டி, ஒன்பதாவது வீட்டுக்குப் போகும்போது கை நடுங்கியிருக்கிறது. ஒரு பெரியவருக்கு ஊசி நரம்பில் விழவில்லை. மறுபடி குத்த வேண்டியதாகிவிட்டது. "பன்னெண்டு வருஷத்துல யாரையும் ரெண்டாவது தடவை குத்தினதில்லடா" என்றாள்.

ஏசி போட்டுக்கொள் என்றேன். "போட்டா நம்பர் எறங்கிடுமே" என்கிறாள். என் எண். என் எண் இறங்கிவிடுமாம்.

ஏப்ரல் 9, புதன்

வேலையில் இன்று கோட்டை இரண்டு முறை தாண்டினேன்.

நாங்கள் யாரையும் ஏமாற்றவில்லை, எல்லாம் விதிப்படி. அந்த அறைக்குள் 23.8 நிஜம்தான். இதை எத்தனை முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டாலும் ஒட்ட மாட்டேன் என்கிறது.

ஏப்ரல் 21, திங்கள்

அக்கா கார் சாவியைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்துவிட்டாளாம். "பஸ்லயே போய்க்கிறேன். அவர் ஞாயித்துக்கிழமை ஓட்டட்டும், அவர் கைல வண்டி நல்லாத்தான் இருக்கு." குரலில் கோபம் கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் இன்று தூங்கியிருப்பேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

லீவு போட்டேன். ஒரு வேலை இருக்கிறது என்று பொய் சொல்லி வண்டியை வாங்கிக்கொண்டேன். டேங்கை நிரப்பி, அக்கா போகிற அதே பதினோரு வீடு, அதே நேரம், அதே தெருக்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் எஞ்சினை அணைத்து, பத்து நிமிடம் காத்திருந்து, மறுபடி கிளப்பினேன். பால் வண்டி, பள்ளி வேன், தோண்டிப் போட்ட சாலை. பதினோரு வருடம் பழகிய காலை முழுசாகப் பயன்படுத்தினேன்.

மறுபடி நிரப்பி வகுத்தேன். 13.1.

அக்காவுக்கு வந்தது பதினாலரை. என்னை விட அவள் நன்றாக ஓட்டுகிறாள். அவளுக்கு நான் பாடம் எடுத்திருக்கிறேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

சொல்லிவிட்டேன். அறை, உருளை, இருபது நிமிடம், நேற்று முன்தினம் வந்த 13.1, எல்லாம்.

அத்தான் பொறுமையாகக் கேட்டார். பிறகு என் தோளைத் தட்டினார்.

"அக்கா மேல பாசம் இருக்க வேண்டியதுதான் மாப்ளே. அதுக்காக நீ போட்ட நம்பரையே நீ இல்லைங்கறியா? அச்சடிச்சுப் போட்டிருக்கான்."

என்னைவிட என் எண்ணை நம்புகிறார். என்ன சொல்லியும் எடுபடவில்லை.

அக்கா தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

"இது உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"ஆரம்பத்துலேர்ந்து."

"பக்கத்துல உக்காந்து கால் வைக்கச் சொல்லிக் குடுத்தியே, அப்பவும்?"

"ம்."

தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் கிளம்பும் வரை வெளியே வரவில்லை.

மே 10, சனி

பள்ளி விடுமுறை. அத்தான் என்னைப் பொய்யன் ஆக்கிக் காட்டுவதற்காக இந்த வாரம் அக்காவைத் தானே வீடு வீடாக ஓட்டிக்கொண்டு போனார். வந்தது 12.4.

உடனே வண்டியை சர்வீசுக்கு விட்டுவிட்டார். "எஞ்சின்ல ஏதோ கோளாறு மாப்ளே." அவள் கையில் இருந்தபோது அவள் கால், இவர் கையில் வந்ததும் எஞ்சின். வேறு நேரமாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். அவரைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

மே 12, திங்கள்

மெக்கானிக் சொல்லிவிட்டார், வண்டியில் ஒரு குறையும் இல்லை. அத்தான் சாவியைக் கொண்டுபோய் அக்காவின் பையில் போட்டாராம். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வராது. அக்காவின் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அக்கா என் போனை எடுப்பதில்லை.

மே 25, ஞாயிறு

எடுக்கவில்லை.

ஜூன் 14, சனி

மழை. பஸ் நிறுத்தத்தில் பாதி நனைந்து நின்றிருந்தேன். ஒரு கார் என்னைத் தாண்டிப் போய், நின்று, பின்னோக்கி வந்தது. அக்கா. இறக்கிய கண்ணாடி வழியாக ஏசிக் குளிர் முகத்தில் அடித்தது.

முன்கதவின் பிடியில் கை வைத்தேன்.

"அங்க வேணாம். பின்னாடி ஏறு."

ஏறினேன். முன் இருக்கை காலியாகத்தான் இருந்தது. "சாப்பிட்டியா?" என்றாள். "சாப்பிட்டேன்" என்றேன். சிக்னலில் பச்சை விழுந்ததும் சட்டென்று எடுத்தாள், இரண்டு ஆட்டோக்களை முந்தினாள். என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டாள்.

பின் இருக்கையிலிருந்து பார்த்தால் ஓட்டுகிறவரின் கால் தெரியாது.