அந்தக் குழாயை மறுபடி கழற்றிவிட்டோம்

என் பிள்ளைகளின் அப்பாவுக்கு,

ஆண்டவரிடம் நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் வண்டியைப் பற்றி ஒரு சேதி சொல்ல வேண்டும்.

சைலன்ஸருக்குள் சத்தத்தை அடக்கும் குழாயை நீங்களே கழற்றி வைத்தீர்களே, நினைவிருக்கிறதா? "ஹாரன் அடிச்சா எவன் வண்டியோன்னு இருந்துருவாளுக. இந்தச் சத்தம் கேட்டாத்தான் சட்டியோட வருவாளுக" என்றீர்கள். கடலாடிப் பக்கத்து ஊர்களெல்லாம் அப்படித்தான் உங்கள் மீனுக்கு வாசலில் நின்றன.

அந்த ரோட்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள். இப்போது உங்கள் தம்பி சேசு அதே வண்டியில் மீன் கொண்டுபோகிறான்.

உங்கள் அம்மாவுக்குத்தான் ஞாபகம் தங்குவதில்லை. சாயங்காலம் சத்தம் கேட்டதும், "அந்தோணி வந்துட்டான், சோத்தப் போடும்மா" என்று வாசலுக்குப் போவார்கள். பொய் சொல்லக்கூடாதென்று நான், "மாமி, அவுக செத்துப்போனாக" என்பேன். அவர்களுக்கு அது தினமும் புதுச் சாவு. மாரில் அடித்துக்கொண்டு தரையில் விழுவார்கள். பெற்றவளை எத்தனை முறை அப்படி விழவைப்பது?

குழாயை மாட்டச் சொன்னேன். நீங்கள் சாக்கில் சுற்றி வைத்திருந்ததை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கரி சுரண்டிக் கொடுத்தேன். சேசு உள்ளே தள்ளி போல்ட்டை முடுக்கினான். மறுநாள் பாதி மீனோடு திரும்பினான்.

"மதினி, கடலாடிக்கார அக்கா கேக்குது, 'ஏம்ப்பா, மீன் விக்க வந்தியா, பூனை மாதிரி திருட வந்தியா'ன்னு."

அதற்கப்புறம் ஊர் தாண்டியதும் கழற்றுவான். விற்று முடித்து, சூடு ஆறும்வரை காத்திருந்து, மாட்டிக்கொண்டு வருவான்.

வீடு அமைதியானது. ஆனால் அம்மா வாசலைவிட்டு எழவில்லை. "இன்னும் வண்டிச் சத்தம் கேக்கலையே. அவன் வராம எனக்குச் சோறு எறங்காது." தட்டைத் தள்ளிவிடுவார்கள். கொடுத்த தண்ணீரும் வாயோரம் வழிந்துவிடும். எலும்பும் தோலுமாகிவிட்டார்கள்.

நேற்றுக் காலை சேசுவிடம், "இனி மாட்டாத" என்றேன்.

"அம்மா அண்ணன் பேரச் சொல்லிக் கூப்புடுமே, மதினி?"

"கூப்புடட்டும். நீ பதில் பேசு."

சாயங்காலம் அந்தச் சத்தம் தெருமுனை திரும்பியது. நானும்தான் எழுந்துவிட்டேன்.

"ஏலே அந்தோணி, ஏன்டா இம்புட்டு நேரம்?"

சேசு என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மீனு விக்கலம்மா" என்றான்.

அம்மா அவனைத் திட்டிக்கொண்டே இரண்டு கை சோறு தின்றார்கள்.

எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதுகிறவள் நான். இந்தப் பொய்யை எந்தப் பக்கத்தில் எழுத? பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிடலாம். ஆனால் 'இனிமேல் செய்யமாட்டேன்' என்றும் சொல்ல வேண்டுமே. நாளைக்கும் வண்டி வருமே, என்ன செய்வேன்?

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். அம்மா கண்மூடும்வரை அவர்களுக்கு நீங்கள் சாக மாட்டீர்கள். அந்தச் சத்தத்துக்கு இந்த வீட்டில் நான் ஒருத்தி அழுதால் போதும்.

உங்கள் மனைவி,
உங்கள் அம்மாவின் மருமகள்,
செல்வி