மூன்றாவது குழந்தை

செவ்வாய்க்கிழமை, இரவு.

செம்பூர் காலேஜில், கம்ப்யூட்டர் லேபில் ஏசி ஒழுகிய தண்ணீரைத் துடைக்கப் போனேன். மேடம் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ஒரு குழந்தைக்கு மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டும், அப்பா அம்மாவுக்கு ஒன்றுமில்லை, ஏன் என்று கேட்டார். இருவருடைய மரபணுவிலும் ஒரு எழுத்து பிழையாம்; இரண்டு பிழையும் சேர்ந்து வந்த குழந்தைக்குத்தான் நோயாம். பட்டனை அழுத்த அழுத்தத் திரையில் குழந்தைகள் பிறந்தன: நோயில்லாதது பச்சை, நோயுள்ளது சிவப்பு.

என் தங்கச்சிக்கும் மாதாமாதம் ரத்தம் ஏற்றுகிறோம். அக்காவை அம்மாவின் தம்பிக்கே, எங்கள் மாமாவுக்கே, பேசி முடித்திருக்கிறது. அந்தப் பிழை அவர்கள் இரண்டு பேருக்கும் இருந்தால்?

எல்லாரும் போனபின் நானும் அழுத்திப் பார்த்தேன். முதல் இரண்டும் பச்சையாக வந்தன. மூன்றாவது சிவப்பு.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "அக்காவுக்கும் மாமாவுக்கும் ரத்தம் டெஸ்ட் பண்ணலாமா?" என்றேன்.

"என் கூடப்பொறந்தவன் ரத்தத்துல என்னட்டி கொற கண்ட? தூத்துப் பெருக்கப் போன எடத்துல டாக்டராயிட்டியோ?"

ஞாயிற்றுக்கிழமை நிச்சயம்.

இப்போதுதான் அக்கா போனை நீட்டினாள். "மாமா சேலை போட்டோ அனுப்பிருக்காவ. எந்தக் கலர் எடுக்கட்டி?"

பச்சை என்றேன்.