சின்ன துரைக்கு வைத்த சீஸ் கோழி

நவம்பர் 9, புதன்

விடியற்காலையிலிருந்து மழை. சிம்பாங் ரெங்கம் சாலை இந்நேரம் கடலோடு கலந்திருக்கும். இனி லாரி வராது, கப்பல்தான். ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை. தோட்டம் முழுக்கச் சும்மா. நான் சும்மா இருந்தால் மட்டும் குற்றம்.

குற்றம் சொல்பவன்: என் தங்கை மகள் செல்லத்தின் புருஷன், இந்தத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் இரண்டாம் கிராணி, மகாராஜராஜஸ்ரீ தணிகாசலம். (இனி த. போதும். முழுப்பெயருக்கு மை வீண்.) மத்தியானம் குடையில்லாமல் ஆபீசிலிருந்து ஓடி வந்தான். முகத்தில் பத்து பெட்ரோமாக்ஸ் வெளிச்சம். ஞாயிற்றுக்கிழமை சின்ன துரை நம் வீட்டுக்குச் சாப்பிட வருகிறாராம்.

நடந்தது இது. சின்ன துரை சீமையிலிருந்து உதவி மானேஜராக வந்து ஆறு மாதம்; அதற்குள் தமிழும் பேசுகிறார். அவருடைய குசினிக்காரன் சிங்கப்பூருக்கு ஓடிப்போய் இரண்டு வாரம். அன்றிலிருந்து டின் மீனும் பிஸ்கோத்தும். ஆபீசில் பெருமூச்சு விட்டிருக்கிறார்: ஊரில் அம்மா பூண்டு, கிரீம், சீஸ் எல்லாம் போட்டுக் கோழி வைப்பாள் என்று. த. உடனே எழுந்து நின்று, "எங்க வீட்ல அடிக்கடி செய்யறதுதான் சார்" என்றிருக்கிறான். சீஸ் என்பது காய்க்கிறதா தோண்டி எடுக்கிறதா என்று இவனுக்குத் தெரியாது. இந்தப் பொய்யை ஸ்டோர் தராசில் ஏற்றினால் தராசு பூமிக்குள் போய்விடும்.

செல்லம் கேட்டது ஒன்றுதான்: "அது என்னங்க, குழம்பா, பொரியலா?"

த.: "ரெண்டும் இல்ல. வெள்ளையா இருக்கும்."

நவம்பர் 10, வியாழன்

மழை விட்டது. கொசு, ஒவ்வொன்றும் கோழிக்குஞ்சு அளவு. பல்வலி, இடது பக்கம்.

த. ஆபீஸ் காகிதங்களை மேசையில் விட்டுவிட்டுக் குளிக்கப் போனான். பார்த்தேன். பார்க்கத்தான் கண். கப்பல் பட்டியல். கித்தா, அதாவது ரப்பர், விலை விழுந்ததிலிருந்து, வேலையில்லாதவர்களைச் சர்க்கார் செலவில் நாகப்பட்டினத்துக்கு ஏற்றி அனுப்புகிறார்கள். பெயர்களை எழுதுவது த. கையெழுத்துப் போடுவது சின்ன துரை, திங்கட்கிழமை. முப்பத்தோராவது பெயர் என் பெயர். பென்சிலில்.

முப்பது வருஷம் இந்தத் தோட்டத்து ஸ்டோர் சாவியை இடுப்பில் சுமந்தவன் நான். இரண்டு வருஷத்துக்கு முன் ஸ்டோரையே மூடினார்கள். நாகப்பட்டினத்தில் இறங்கினால் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் கலங்கரை விளக்கம்.

கேட்டேன். ஈரத் தலையோடு நின்றுகொண்டே பதில் சொன்னான்.

"பென்சில்லதான மாமா இருக்கு. மையில எழுதறதா, அழிக்கறதாங்கறது உங்க கையில. ஞாயித்துக்கெழம முடியற வரைக்கும் குசினிப் பக்கம் வரக் கூடாது. வாயத் தொறக்கக் கூடாது."

"நான் என்ன செய்தேன் மாப்பிள்ளை?"

"பெரிய கிராணி வந்தப்ப என்ன சொன்னீங்க? எனக்குக் கணக்கு வராதுன்னு."

அப்படிச் சொல்லவில்லை. இவனைக் கண்டால் கணக்கு வேறு பாதையில் போய்விடும் என்றேன். இரண்டுக்கும் எவ்வளவோ வித்தியாசம்.

செல்லம் பிறகு தனியாக: "சும்மா மெரட்டறாரு மாமா. எழுத மாட்டாரு. நான் விட மாட்டேன்." சோறு போடும்போது அப்பளம் எனக்கு இரண்டு, அவனுக்கு ஒன்று. இந்த வீட்டில் எனக்கு இருக்கும் ஒரே படை இவள்தான்.

நவம்பர் 11, வெள்ளி

லாரி வந்துவிட்டது. ரெங்கம் ராவுத்தர் கடையிலிருந்து சாமான்:

சீஸ் டின், 1. (ராவுத்தர் பாஷையில் கேஜு. சிங்கப்பூரிலிருந்து வரவழைத்தாராம். மகாராணிக்குச் சீதனம் வந்த மாதிரி த. இரண்டு கையால் வாங்கினான்.)
வெண்ணெய் டின், 1. மஞ்சள்.
கிரீம் டின், 2.
பூண்டு, ஒரு பேய்ப்படை முழுவதையும் ஓட்டும் அளவு.
கோழி: செல்லத்தின் முட்டைக் கோழி. சேவல் கடினமாம். பெட்டைதான் வேண்டுமாம்.

"அது தெனம் முட்ட போடுதுங்க" என்றாள் செல்லம்.

"தொரைக்கு முட்டையா போடச் சொல்ற?" என்றான் த.

சீஸ் டின்னைத் திறந்து, நல்ல சாமான்தானா என்று சோதனை. முகர்ந்ததோடு சரி. செல்லம் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "அலமாக், என்னங்க இது, கால்ல போட்டு நனஞ்ச சப்பாத்து மாதிரி." த.வின் முகமும் கோணியது. ஆனால் துரைமார் பண்டம் ஆயிற்றே, நேராக்கிக்கொண்டான். தட்டில் வைத்து வலை அலமாரிக்குள் பூட்டாமல் வைத்தான். சாவி சுமந்தவன் இருக்கிற வீட்டில் பூட்டாமல்.

சாயங்காலம் இருவரும் வெளியே போனதும் ஓரத்தில் நகத்தளவு சீவி வாயில் போட்டேன். உப்பு என்றால் இது உப்பு. வங்காள விரிகுடாவை மொத்தமாக வற்றக் காய்ச்சி அச்சில் வார்த்த உப்பு. பக்கத்தில் திறந்து வைத்திருந்த வெண்ணெயையும் விரலால் தொட்டுப் பார்த்தேன்: அதுவும் உப்பு. மூன்று சொம்புத் தண்ணீர் குடித்தேன்.

இது எனக்கு மட்டும் தெரியும். எப்படித் தெரியும் என்று சொன்னால் திருட்டு, சொல்லாவிட்டால் தெரியாதவன். பல்வலி போய்விட்டது.

நவம்பர் 12, சனி

வெயில். துணி காய்ந்தது. த. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் வீட்டில் முள்கரண்டி இரவல் வாங்கி வந்து, இட்டலியைக் குத்திப் பழகினான். இட்டலி தரையில்.

செல்லம் புத்திசாலி. "தெரியாத சாமானுங்க. ஒரு துண்டு கறியில இன்னைக்கே வச்சு, வாயில போட்டுப் பாத்துரலாமே."

"வாயில போட்டா? விருந்தாளி வாய் வக்கறதுக்கு முன்னாடி நம்ம வாய் வச்சா எச்சில். எங்க வீட்ல அந்தப் பழக்கம் கெடையாது."

"எங்க வீட்லயும்தான் கெடையாது. ஆனா…"

"ஒனக்குத்தான் மூக்கு இருக்கே."

அது உண்மை. செல்லம் கொதி வாசனையிலேயே உப்புச் சொல்லுவாள். ரெங்கத்தில் குழம்பு கொதித்தால், அரைக் கல் உப்புக் குறை என்று இங்கிருந்தே சொல்லும் மூக்கு. ஒன்பது வருஷமாக ஒருநாள் தவறியதில்லை. சாமிக்கும் பெரியவர்களுக்கும் முன்னால் நாக்கு நீட்டாத வீடு எங்களுடையது. அதில் எனக்கு என்றும் பெருமை. அலமாரி விஷயம் தனி.

சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன். த. முள்கரண்டியோடு திரும்பினான். "மாமா."

மூடிக்கொண்டேன்.

நவம்பர் 13, ஞாயிறு

ராத்திரி எழுதுகிறேன். வரிசையாக எழுத வேண்டும். நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

மத்தியானம் மூன்று மணி. குசினி ஜன்னலுக்கு வெளியே, வாழைக்கன்றுப் பக்கம், நான். பார்த்தவை:

செல்லம் கோழியில் மிளகும் உப்பும் தேய்த்தாள். முதல் உப்பு.
வெண்ணெயில் வறுத்தாள். இரண்டாவது.
பூண்டு. பத்துத் தோட்டத்துக்குப் போதும். வாசனை பெக்கோக் ஊர் வரை.
கிரீம் ஊற்றினாள். வெள்ளைவெளேர் என்று கொதித்தது. குனிந்து முகர்ந்தாள். நிமிர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். "ஒண்ணும் தெரியலீங்க. பூண்டும் தட்டுல இருக்கற இந்தச் சப்பாத்து நாத்தமும் மூக்க அடைக்குது."
த.: "பாக்கவே பாயசம் மாதிரி இருக்கு. இனிப்பா இருந்தா தொரை சிரிப்பாரு." ஒரு கைப்பிடி உப்பு அள்ளிப் போட்டான். மூன்றாவது.
பிறகு சீஸ், டின் முழுக்க. நான்காவது.

பயந்து வாயை மூடினேன் என்று எழுதினால் பாதி உண்மை. மீதிப் பாதி ஆனந்தம். த. அந்தக் கைப்பிடியை அள்ளியபோது, தேர் நிலைக்கு வந்ததைப் பார்த்தவன் போல நின்றேன்.

ஆறரைக்குச் சின்ன துரை வந்தார். நல்ல பையன். கூரை இடிக்கும் உயரம். த.வுக்குக் கோட்டு, கழுத்தில் டை, நெற்றியில் வியர்வை ஆறு. என்னைக் கதவோரம் நிற்கச் சொல்லியிருந்தான், தண்ணீர் ஊற்ற. வேலை நிறைய வரும் என்று எனக்குத் தெரியும்.

முதல் வாய். துரையின் கண் நின்றுவிட்டது. விழுங்கினார். தண்ணீர். இரண்டாவது வாய். தண்ணீர். ரொட்டி. தண்ணீர். இரண்டு கூஜா ஊற்றினேன். த. தானும் ஒரு வாய் போட்டான். அந்த முகத்தை மட்டும் சட்டம் போட்டு மாட்டிவைக்க எனக்கு ஆசை.

"கிராணி," என்றார் துரை, "யாரு சமைச்சது?"

செல்லம் குசினி வாசலில் முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். த. அவளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"எங்க மாமாங்க சார். வயசானவரு. கை தவறிப் போட்டுட்டாரு. நான் சொன்னேன், கேக்கல."

ஜொகூர் சீமை முழுக்க அப்படி ஒரு நாக்கு வளராது. 'இவன்தான் போட்டான், ஜன்னல் வழியே பார்த்தேன்' என்ற பேச்சு வாய் வரை வந்துவிட்டது. சொன்னால் அடுத்த கேள்வி, சமைத்தது யார். செல்லத்தின் முகம் சுண்ணாம்பு.

"ஆமா தொரை. நான்தான். சாதாரண ஆளுக்கு ஒரு கை உப்பு. தொரைக்குக் கொறச்சலாப் போட்டா மரியாதையாகுமான்னு அள்ளிப் போட்டேன்."

துரை சிரித்தார். த.வும் சிரித்தான், துரை நிறுத்தின பிறகும் சிரித்துக்கொண்டே இருந்தான்.

"பூண்டு சரி. கோழி சரி," என்றார் துரை. "உப்பு மட்டும் கடல்."

எனக்குத் தோன்றிய அதே உவமை. படித்தவர்.

நவம்பர் 14, திங்கள்

தூறல். காலை பத்து மணிக்கு ஆபீசிலிருந்து ஆள் வந்தது. துரை கூப்பிடுகிறார். வேட்டி மாற்றினேன், சாகப் போகிறவன் போல.

மேசையில் பட்டியல். முப்பத்தோராவது பெயர் மையில். என்மேல் பழியைப் போட்டு, நான் அதைச் சுமந்த பிறகும், காலையில் மையைத் தொட்டிருக்கிறான். உள்ளே கூப்பிட்டதும் த. வாய் அசையாமல் சொன்னது: "ஒங்களால எனக்கு மானம் போச்சு மாமா."

சின்ன துரை என் பெயர்மேல் விரல் வைத்தார். "கிராணி, இது நேத்து சமைச்ச ஆளு இல்ல?"

"ஆமாங்க சார். வேல இல்லாதவரு."

"சமைக்குது. வேல இல்லன்னா எப்படி?" சிவப்புப் பென்சிலால் ஒரே கோடு. "நாளைக்குப் பங்களாவுக்கு வா. குசினிக்காரன் வேல. பின்னாடி ரூம் இருக்கு. உப்பு மட்டும் கொறச்சுக்கோ."

பொய் சொன்னவன் வாயாலேயே எனக்கு உத்தியோகம். இப்போது அதை மாற்றிச் சொன்னால் துரையிடம் பொய் சொன்ன கிராணி ஆவான். த. என் பெயரை வேலையாட்கள் பேரேடான செக்ரோலில் அவன் கையால் எழுதினான். ஐந்து தடவை பேனாவை உதறினான். நான் பக்கத்தில் நின்று எழுத்துப்பிழை பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தேன் என்று எழுதுவது குறைவு. நாட்டைப் பிடித்த ராஜா நகருக்குள் நுழைந்தான். செல்லம் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் சொன்னேன். பென்சில் கோடு வரை சொன்னேன். அவள் கண்ணில் தண்ணீர், சிரிப்பு. "கப்பல் இல்லையா மாமா? நெசமா?"

அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவது என் பிறவியில் இல்லை.

"உன் புருஷன் உப்பை அள்ளினானே, அப்பவே எனக்குத் தெரியும் இன்னைக்கு இவன் கதை முடிஞ்சதுன்னு. சீஸையும் வெண்ணெயையும் வெள்ளிக்கெழமையே ருசி பார்த்துட்டேன். ரெண்டும் வெறும் உப்பு. ஜன்னல் பக்கத்துல நின்னு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணிக்கிட்டு இருந்தேன்."

முறம் நின்றது.

"ஜன்னல்லயா நின்னீங்க?"

"ஆமா."

"நான் ரெண்டு தடவ மோந்து பாத்தேன். ஒண்ணும் தெரியலன்னு சொன்னேன். அப்பவும் நின்னுக்கிட்டுத்தான் இருந்தீங்களா?"

முறத்தில் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கினேன்.

"அந்த மனுஷன் தண்ணி தண்ணியா குடிச்சாரு. நான் அங்க நின்னு செத்தேன். என் கோழி மாமா அது. என் கையி." முறத்தைப் பார்த்தபடியே: "அவருக்குத் தெரியாது, போட்டாரு. ஒங்களுக்குத் தெரியும்."

'மாப்பிள்ளை வாயைத் திறக்காதே என்றானே, கப்பல் பட்டியல் இருந்ததே' என்று விளக்க ஆரம்பித்தேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். ஜோடித்து வைத்திருந்த எட்டுப் பத்து வாக்கியம் வாயிலேயே நின்றது.

ராத்திரிச் சாப்பாடு மூடி வைத்திருந்தது. அப்பளம் இல்லை.

நவம்பர் 15, செவ்வாய்

மழை. பெட்டி, பாய், குடை. இடம் மாறியாயிற்று. பங்களா பின் அறை: ஜன்னல் ஒன்று, பல்லி நான்கு. த. வழியில் பார்த்தும் பார்க்காதவன் போலப் போனான். நானும் அவனைப் பார்க்கவில்லை, இரண்டு மடங்கு பார்க்கவில்லை. செல்லம் வாசலுக்கு வரவில்லை. பெட்டியை நேற்றே கட்டித் திண்ணமாக முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள்; அவிழ்க்க அரை மணி நேரம்.

காலையில் துரை உத்தரவு: இன்றைக்கு அதே கோழி. டின்கள் எல்லாம் அவரே வாங்கி வைத்திருக்கிறார். ஐம்பத்தாறு வயதில் நான் அடுப்பில் வைத்த பண்டங்கள்: வெந்நீர். வேறு இல்லை.

பதினொரு மணிக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு, வாழைக்கன்றுப் பக்கமாக, அதே குசினி ஜன்னல். செல்லம் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. கோழி எப்படி வைப்பது என்று கேட்டேன். ஆபீஸ் உத்தரவு வாசிக்கிற மாதிரி சொன்னாள்: துண்டு பெரிசா. வெண்ணெயில செவக்க. பூண்டு தட்டி, கருகக் கூடாது. கிரீம் ஊத்தினா தணல் கொறச்சுரணும். சீஸ் கடைசீல. மாமா என்று ஒரு தடவையும் வரவில்லை.

எல்லாவற்றையும் பழைய கடித உறையின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். மழையில் பாதி கரைந்தது. அவள் கத்தியைக் கழுவினாள். நான் போகவில்லை.

"உப்பு எவ்வளவும்மா?" என்றேன்.

"அதான் ஒங்களுக்குத் தெரியுமே," என்று ஜன்னலைச் சாத்தினாள்.