எந்தச் சந்தை

பழைய கேஸ் ஷீட்டுகளை எரித்துவிட உத்தரவு வந்திருக்கிறது. சொன்னவர் ஆஸ்பத்திரி குமாஸ்தா, இன்று காலை. அவர் ஒரு தாள்கட்டை அவிழ்த்ததும் பினாயில் வாசம் எழுந்தது. நடுவில் உன் சாய்ந்த கையெழுத்து. போன தையில் நீ இறந்த செய்தியைப் பத்திரிகைக்கு நான்தான் எழுதினேன். நான்கு வரி. இந்தத் தாளுக்கு அதில் இடமில்லை.

சென்னையில் டாக்டருக்குப் படித்து முடித்து நீ பயிற்சிக்கு வந்த வருஷம், தருமபுரிக் கடைவீதி மாடியில் ஒரே அறையில் இருந்தோம். என் நிருபர் குறிப்பேட்டைப் புரட்டி, "ஊரு, பேரு, நேரம். இவ்வளவுதானா உன் உத்தியோகம்?" என்பாய். பெரிய டாக்டரின் சிபாரிசுக் கடிதம் கிடைத்தால் உனக்கு மறுபடி சென்னை, மேல்படிப்பு. அதை நம்பிப் பெட்டியைக்கூட முழுதாகப் பிரிக்கவில்லை.

சித்தேரி மலையிலிருந்து ஒருவரைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். சந்தைக்கு வந்தபோது பிடித்த காய்ச்சல் என்றாள் அவர் மனைவி. கடைசி வாரச் சந்தை கூடி ஐந்து நாள் ஆகியிருந்தது. ஐந்து நாள் காய்ச்சல் என்று எழுதி, அப்போதைய வழக்கப்படி பேதி மருந்து கொடுத்தாய். மறுநாள் ரத்தமாகப் போனது. அவளிடம் திரும்பக் கேட்டாய்.

"மழைக்கு முன்னால வந்தோமுங்க, அந்தச் சந்தை. வாராவாரம் மலையெறங்க முடியுங்களா?"

மூன்று வார டைபாய்டு. குடல் புண்ணாகியிருந்த நேரத்தில் பேதி மருந்து. அவர் பிழைப்பாரா என்று தெரியாத நாட்களில் நீ அறைக்கே வரவில்லை. பிழைத்தார். அதற்கு முன்பே ஷீட்டில் இங்கிலீஷில் இரண்டு வரி எழுதியிருந்தாய்: காய்ச்சல் கண்ட நாளை நான் சரியாகக் கேட்டறியவில்லை, மருந்து என் தவறு.

பெரிய டாக்டர் உன்மேல் பிரியத்தோடுதான் சொன்னார். "கிழிச்சுட்டு வேற எழுதுப்பா. இத வெச்சுக்கிட்டு நான் எப்படி சிபாரிசு பண்றது?"

"அடுத்து இவரப் பாக்கற டாக்டருக்கு நடந்தது தெரியணுங்க" என்றாயாம். கம்பவுண்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கடிதம் வரவில்லை. அந்த வாரம் பெட்டியை முழுதாகப் பிரித்துச் சட்டைகளை ஆணியில் மாட்டினாய். அதன்பின் சந்தை என்று யார் சொன்னாலும் எந்தச் சந்தை என்று கேட்டாய். பயிற்சிக்கு வந்த ஒவ்வொரு டாக்டரையும் கேட்கவைத்தாய். என் குறிப்பேட்டிலும் அந்தக் கேள்வி ஏறிவிட்டது.

உன் தாளை மட்டும் எரிக்காமல் வைக்கச் சொல்லி மனு கொடுத்திருக்கிறேன். இப்போதைய பெரிய டாக்டர் அடுத்த சந்தைக்குள் முடிவு சொல்லிவிடுவார் என்றார் குமாஸ்தா.

"எந்தச் சந்தைங்க?" என்றேன்.

வருகிற வியாழக்கிழமை என்றார். குறித்துக்கொண்டேன்.