மூன்றாம் தொட்டியின் சூடு

நேற்று நெடுங்கேணியில் பேருந்தை விட்டு இறங்கியதும் கருகிய நெல் மணத்தது. மழையில் நனைந்து பழுதான நெல்லை யாரோ வீதியோரம் கொளுத்தியிருந்தார்கள். நான் அப்படியே நின்றுவிட்டேன். உன் முகம் வந்துவிட்டது.

சண்டை நின்றிருந்த அந்த வருடங்களில், புளியங்குளத்து அரிசி ஆலையின் கருவிகளை நாம் இருவரும்தான் பார்த்துக்கொண்டோம். நெல் உலர்த்தும் தொட்டி ஒவ்வொன்றிலும் சூட்டை அளக்கும் சிறு பெட்டி இருந்தது. கம்பியில்லாமலே அலுவலகக் கணினிக்கு அளவை அனுப்பும். “காட்டுக்குள்ளை இதெல்லாம் சரிவராது” என்றவர்களிடம், “ஏன், காட்டுக்குள்ளை நெருப்புச் சுடாதோ?” என்று கேட்டவள் நீ.

காற்றடிக்கும் பெரிய மோட்டார் ஓடினால், அதன் குறுக்கீட்டில் பக்கத்திலிருந்த மூன்றாம் தொட்டியின் அளவு மட்டும் வராது. அன்று காலையும் வரவில்லை. நெல்லைக் கிளற நான்கு பெண்கள் அதன்மேல் ஏறக் காத்திருந்தார்கள். முகாமையாளர் அவசரப்படுத்தினார்.

“மற்றதெல்லாம் சரியாத்தானே காட்டுது. ஏறச் சொல்லுங்கோ.”

“மூண்டாவது ஒண்டும் சொல்லேல்லை, ஐயா. தெரியாமல் நான் ஒருத்தரையும் ஏற விடமாட்டன்” என்றாய் நீ.

“உமக்கு வேலை வேணுமோ, வேண்டாமோ?”

“வேலை வேணும். அதுக்காக ஆக்களின்ரை உயிரைக் குடுக்கேலாது.”

மோட்டாரின் பிரதான மின் ஆளியை நீயே இறக்கினாய். அவர் திரும்பப் போட வந்தபோது கையைக் கட்டிக்கொண்டு அதன் முன்னால் நின்றாய். எனக்குப் பயம்தான், ஆனாலும் வந்து உன் பக்கத்தில் நின்றேன். மோட்டார் ஓய்ந்ததும் கணினியில் அளவு வந்தது. மற்றத் தொட்டிகளைவிட மிக அதிகம். அவர் ஆளியை விட்டு விலகினார். தொட்டியின் அடிக்கதவைத் திறந்தோம். புகை முகத்தில் அடித்தது. அடிநெல் கனன்றுகொண்டிருந்தது. ஏறியிருந்தால் நெல்லைத் தாங்கும் தட்டோடு உள்ளே போயிருப்பார்கள்.

அவர் நன்றி சொல்லவில்லை. நீயும் எதிர்பார்க்கவில்லை. “மோட்டாருக்கு எட்டத்திலை ஒரு கம்பம் நட்டுத் தாங்கோ” என்று மட்டும் கேட்டு, வாங்கியும் விட்டாய். அளவை வாங்கும் அன்டெனாவை அதில் ஏற்றிய பிறகு மூன்றாம் தொட்டியின் அளவு தவறவேயில்லை.

சண்டை திரும்பி வந்தது. ஊரோடு கிழக்கே நடந்தோம். விசுவமடுவில் தண்ணீர் எடுக்கப் போன உன்மேல் எறிகணை விழுந்தது. விதி என்று ஆறுதல் சொன்னார்கள். நான் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கமாட்டேன். எறிகணை தானாக விழுவதில்லை.

இப்போது வவுனியாவில் ஒரு தொழிற்சாலையின் கருவிப் பகுதி என் பொறுப்பு. போன மாதம் புதிய அதிகாரி வந்து, “ஒரு சென்சர்தானே வேலை செய்யேல்லை, அது இல்லாமல் ஓட்டுங்கோ” என்றார்.

உன் படம்கூட என்னிடம் இல்லை. “மாட்டன்” என்ற உன் சொல் இருக்கிறது. அதைச் சொன்னேன். அவர் கத்தினார். கத்தி முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

இயந்திரம் ஓடவில்லை.