சக்கரம் உள்ளவர்கள் வெளியே

2025 ஜூலை 2, புதன்

எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே, பழைய பேட்மிண்டன் திடலில் தோட்டம் போடுகிறார்கள். "எல்லாரும் வரக்கூடிய தோட்டம்" என்று லிஃப்டில் நோட்டீஸ். பாத்திகள் இடுப்பு உயரமாம், சக்கர நாற்காலியில் இருந்தபடியே செடி நடலாமாம். இனிப்பு நீர் வியாதி என் வலது காலைக் கொண்டுபோன பிறகு, ஆஸ்பத்திரிக்குத் தவிர நான் கீழே இறங்கியதே இல்லை. ஒரு வருஷமாக ஒன்பதாம் மாடிதான் உலகம். எதிர்வீட்டு காமாரியாவிடம், "என்னைக் கூட்டிட்டுப் போ, இல்லன்னா தினமும் உன் கதவைத் தட்டுவேன்" என்றேன். தொல்லை தாங்காமல் ஒத்துக்கொண்டாள்.

ஜூலை 6, ஞாயிறு

போனேன். வாசல் வரைக்கும்.

சிமெண்டுப் பாதை, பாத்தி எல்லாம் அம்சமாக இருக்கின்றன. ஆனால் மோட்டார் சைக்கிள் நுழையாமல் இருக்க வாசலில் இரும்புக் குழாய்களை வளைத்து நட்டிருக்கிறார்கள். ஆட்கள் உடம்பைச் சாய்த்துப் புகுந்துவிடுகிறார்கள். நான் எதைச் சாய்ப்பது?

தோட்டக் குழுத் தலைவர் ஸ்ரீஸ்கந்தராஜா ஓடி வந்தார். ஆபீஸில் தலைமைக் கிராணியாகக் கணக்கெழுதி ஓய்வுபெற்றவர். முழுப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கீரை முளைத்துவிடும் என்பதால் எனக்கு ஸ்ரீ அண்ணன்.

"இது இல்லன்னா மோட்டார உள்ளயே ஓட்டுவானுங்கம்மா. திறப்பு விழா முடியட்டும், அப்புறம் பாப்போம்."

"நோட்டீஸ்ல ஒருத்தி சக்கர நாற்காலியில சிரிக்கிறாளே, அவ எப்படிண்ணே உள்ள போனா?"

"அது படம்லா."

வீட்டுக்கு வந்து அழுதேன். காமாரியாவிடம் வெங்காயம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 9, புதன்

ஸ்ரீ அண்ணன் மேலே வந்தார். மனசு உறுத்தியிருக்கும். விழாவில் சாப்பாட்டுப் பொறுப்பு எனக்காம். உட்கார்ந்தபடி போனிலேயே முடித்துவிடலாமாம். பெரிய மனசு!

நல்ல பிள்ளையாகத் தலையாட்டினேன். அவர் போனதும் மீ கோரேங் நூடுல்ஸ் விற்கும் இத்ரீஸைக் கூப்பிட்டேன். தள்ளுவண்டியிலேயே சுடச்சுடப் பிரட்டித் தருபவர். "வண்டியோட வாங்க" என்றேன்.

ஜூலை 20, ஞாயிறு

விழா. எங்கள் தொகுதி மக்கள் பிரதிநிதி, ஒய்.பி., வந்து ரிப்பன் வெட்டினார். எல்லாரும் சாய்ந்து சாய்ந்து உள்ளே போனார்கள். இத்ரீஸின் வண்டி வாசலிலேயே நின்றுவிட்டது. பக்கத்தில் நான்.

பேச்சு பாதியில் இருக்கும்போதே பூண்டு வதங்கும் வாசனை கிளம்பியது. ஒருவர் நழுவினார், இன்னொருவர் நழுவினார், கடைசியில் ஒய்.பி.யும். மொத்தக் கூட்டமும் சாக்கடை ஓரம் தட்டேந்தி நின்றது. தோட்டத்தில் ஸ்ரீ அண்ணனும் மைக்கும் மட்டும்.

"என்னாம்மா இது? வண்டிய உள்ள வரச் சொல்லு!"

"வராதுண்ணே. அதுக்கும் சக்கரம் இருக்கு."

ஒய்.பி. வாய் நிறைய மீயோடு குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஸ்ரீ அண்ணனை. ஐயோ, அந்த முகம்! பாவம்தான். ஆனாலும் இரண்டு தட்டு சாப்பிட்டேன். டாக்டருக்குத் தெரிய வேண்டாம்.

ஜூலை 22, செவ்வாய்

ஸ்ரீ அண்ணனே ஆள் வைத்துக் குழாயை அறுத்துவிட்டார். என் முகத்தைப் பார்க்காமல் "போம்மா" என்றார். போனேன். வெண்டை விதை ஊன்றினேன். நகமெல்லாம் மண். கழுவ மனசே வரவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

அவர் சொன்னதே நடந்தது. சாப்பாடு டெலிவரி செய்யும் ஹஸ்ருல், குறுக்குவழி என்று தோட்டத்துக்குள் மோட்டாரை விட்டுப் புதினாத் தொட்டிகளை உடைத்துவிட்டான். "பாத்தியா?" என்றார் ஸ்ரீ அண்ணன். மறுபடியும் குழாய் நடப்போகிறாராம். திரும்பவும் அந்த நாலு சுவரா?

"வேணாம்ணே. வாசல்ல நான் நிக்கிறேன்."

"நீ எப்படிம்மா நிப்ப?" கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது.

"சரி, உக்கார்றேன்."

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சாயங்காலமெல்லாம் வாசலுக்குக் குறுக்கே என் நாற்காலி. ஹஸ்ருல் வந்து ஹார்ன் அடித்தான். "அக்கா, சாப்பாடு ஆறிடும்லா!"

"என் மேல ஏத்திட்டுப் போ."

பிரேக்கைப் போட்டுவிட்டு மடியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். முனகிக்கொண்டே சுற்றிப் போனான். எனக்கு ஒரே சந்தோஷம்.

ஆகஸ்ட் 30, சனி

காய்ச்சல். கீழே போகவில்லை. எவன் எதை உடைக்கிறானோ என்று படுத்தபடியே புலம்பினேன்.

இருட்டும் நேரத்தில் கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் ஹஸ்ருல், கையில் ஹெல்மெட். நான் ஒன்றும் ஆர்டர் செய்யவில்லையே என்றேன்.

"இல்லக்கா... நீங்க கீழ இல்ல. அதான் பாத்துட்டுப் போலாம்னு" என்று இழுத்தான். போகும்போது லிஃப்ட் பக்கமிருந்து திரும்பிச் சொன்னான்: "மோட்டார தோட்டத்துக்கு வெளியவே வச்சுட்டு நடந்துதான் வந்தேன்."